சோகோல் இயக்கம்: உடற்பயிற்சியா, ஓவியமா?

#1 மைத்தடம்

செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகாவின் சுவரொட்டிகள் பற்றிய இழையில், சோகோல் என்ற செக் உடற்பயிற்சி இயக்கத்தின் 1912ஆம் ஆண்டு விழாச் சுவரொட்டியை "ஏதோ விளையாட்டு விழா விளம்பரம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்தத் தனி இழை.

படத்தை ஒருமுறை நின்று பாருங்கள். முன்னால் சிவப்பு ஆடையில் ஓர் இளம்பெண். தலையில் கோட்டை மதில் வடிவக் கிரீடம், அதாவது அவள்தான் பிராக் நகரம். கையில் மலர்வளையங்கள். பின்னால் நிழலாக ஒரு பெரிய உருவம், ஸ்லாவியா, அதாவது ஸ்லாவ் இனமே பெண்ணுருவில். அவளோடு ஒரு வல்லூறு. அவ்வளவுதான். உடற்பயிற்சி விழாவுக்கான சுவரொட்டியில் உடற்பயிற்சி செய்கிற ஆள் ஒருவர்கூட இல்லை!

இது முகாவின் வழக்கமான அழகுப்பெண் பாணி மட்டும்தானா, இல்லை அந்த இயக்கமே தன்னை அப்படித்தான் பார்த்ததா? வரலாறு தெரிந்தவர்கள் அடிப்படையிலிருந்து தொடங்கினால் நல்லது. அச்சு, தாள் பற்றிய கேள்விகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

#2 நாலாம்வரிசை

அடிப்படையிலிருந்தே வருகிறேன்.

1862 பிப்ரவரி 16, பிராக். செக் மக்களின் நிலமான போஹீமியா அப்போது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில். செக் மொழிக்காரர்களுக்கென்று ஓர் உடற்பயிற்சிச் சங்கம் தொடங்குகிறது. தொடங்கியவர்கள் இருவர். மிரோஸ்லாவ் திர்ஷ், தத்துவம் படித்தவர், பின்னாளில் கலை வரலாற்றுப் பேராசிரியர். யிந்த்ரிஷ் ஃபியூக்னர், வசதியான வணிகர். இருவருமே ஜெர்மன் பெயரோடு பிறந்தவர்கள். திர்ஷின் பிறப்புப் பெயர் ஃப்ரீட்ரிஷ் இமானுவேல் டிர்ஷ். ஃபியூக்னர் சங்கத் தலைவர், திர்ஷ் பயிற்சித் தலைவர்.

சோகோல் என்றால் வல்லூறு. தெற்கு ஸ்லாவ் நாட்டுப்பாடல்களில் வீரனை வல்லூறு என்பார்கள், பெயர் அங்கிருந்து. தமிழில் சிலர் பருந்து என்று எழுதுகிறார்கள். வேண்டாம். பருந்து வட்டமிடும், வல்லூறு பாயும். அவர்களுக்கு வேண்டியது பாய்கிற பறவை.

சங்கம் தொடங்கி நான்கே மாதத்தில், ஜூன் 1ஆம் தேதி, கொடி ஏற்றுவிழா. கொடியை வடிவமைத்தவர் யோசெஃப் மானெஸ், அன்றைய செக் ஓவியர்களில் முதல் வரிசைக்காரர். சிவப்புத் துணியில் வெள்ளை வல்லூறு. கொடிக்கு ஞானத்தாய் என்று ஒருவரை வைப்பது அவர்கள் வழக்கம். அது எழுத்தாளர் கரோலினா ஸ்வெத்லா. சொந்தக் கட்டடம் எழுவதற்கு முன்பே ஓவியர் கையால் ஒரு கொடி வந்துவிட்டது. மைத்தடம் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

சீருடையிலும் மானெஸின் கை உண்டு. பழுப்புச் சாம்பல் நிற மேற்சட்டை, உள்ளே சிவப்புச் சட்டை, இறகு செருகிய வட்டத் தொப்பி. அந்தச் சிவப்புச் சட்டை இத்தாலிய விடுதலைப் போராளி கரிபால்டியின் படையினுடையது. வடக்கு இத்தாலியில் ஆஸ்திரியா தோற்று மூன்றே ஆண்டு ஆகியிருக்கிறது, அந்த ஆஸ்திரியாவின் ஊரிலேயே கரிபால்டியின் நிறத்தைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பேச்சில் சொன்னால் சிறை, துணியில் சொன்னால் உடற்பயிற்சி உடை!

#3 ஏட்டுக்கட்டு

நாலாம்வரிசை சார், ஒன்றை விட்டுவிட்டீர்கள். உடைக்கு இணையாக அவர்கள் பேச்சையும் மாற்றினார்கள். செக் மொழியிலும் நம்மைப்போல "நீ", "நீங்கள்" வேறுபாடு உண்டு. சங்கத்துக்குள் வந்துவிட்டால் எல்லோரும் எல்லோரையும் "நீ" என்றுதான் சொல்ல வேண்டும், சகோதரன், சகோதரி என்றுதான் விளிக்க வேண்டும் என்பது ஃபியூக்னர் கொண்டுவந்த ஏற்பாடு. முதலாளியைக் குமாஸ்தா "நீ" என்று கூப்பிடுவது 1860களில் எப்பேர்ப்பட்ட காரியம் என்று தமிழில் யோசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு ஓர் ஆட்சேபம். வரிசையாக நிற்பது, கம்பியில் தொங்குவது, கொடி, பாட்டு என எல்லாம் ஜெர்மானியர்கள் செய்தது. ஜெர்மன் உடற்பயிற்சி இயக்கத்தைத் தொடங்கிய யான் 1811லேயே பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடேயில் திறந்தவெளிப் பயிற்சித் திடல் தொடங்கிவிட்டார். திர்ஷ் அதை எடுத்து ஸ்லாவ் வண்ணம் பூசினார். "கலை" என்று எதைச் சொல்கிறோம்? கருவி ஒன்று, பயிற்சி ஒன்று, மேலே ஒட்டிய பறவை மட்டும் வேறு.

#4 மரக்குதிரை

ஏட்டுக்கட்டு சொல்வதில் முதல் பாதி சரி. கிடைக்கம்பி, இணைக்கம்பி, குதிரை, வளையம் எல்லாம் ஜெர்மன் வழி வந்தவை. திர்ஷ் மறைக்கவும் இல்லை. இரண்டாம் பாதிதான் தவறு. அவர் மாற்றியது கருவியை அல்ல, பயிற்சியைப் பிரித்த முறையையும் பெயர் வைத்த முறையையும்.

"உடற்பயிற்சியின் அடிப்படைகள்" என்ற அவருடைய நூலில் எல்லா அசைவும் நான்கு குடும்பம்:

கருவி இல்லாமல் தனியே செய்வது. கருவியோடு அல்லது கருவிமேல் செய்வது. மற்றவர் உடலைத் துணையாகக் கொண்டு செய்வது (மனிதக் கோபுரங்கள் இதில் அடங்கும்). எதிராளியோடு மோதிச் செய்வது, அதாவது மல்யுத்தம், வாள், குத்து.

கவனியுங்கள், இது தசையை வைத்துப் பிரித்த பட்டியல் இல்லை. கைக்கு, காலுக்கு, முதுகுக்கு என்று வைத்தியர் பிரிப்பார். திர்ஷ் கேட்டது "இந்த உடல் எதனோடு உறவில் இருக்கிறது?" என்று. வெளியுடனா, பொருளுடனா, தோழனுடனா, எதிரியுடனா? சிற்பம் பார்க்கிறவனின் கேள்வி இது. பாம்புகளோடு போராடும் மனிதர்களைக் காட்டும் பழைய லவோகூன் சிற்பத்தொகுதி ரோமானியக் காலத்தது என்று வாதிட்டுத் தனி ஆய்வே எழுதியவர் அவர்.

பெயர் வைத்த முறை இன்னும் சுவையானது. செக்கில் கை என்பதற்கு "பஷே". அதன்முன் ஒரு முன்னொட்டு போட்டால் நிலை கிடைத்துவிடும். "ப்ரிபஷித்" என்றால் கை உடலோடு ஒட்டி. "ப்ரெத்பஷித்" முன்னே. "உபஷித்" பக்கவாட்டில். "வ்ஸ்பஷித்" மேலே. "ஸாபஷித்" பின்னே. காலுக்கு "நொஹா", அதிலும் அதே முன்னொட்டுகள்: "ப்ரெத்நொஷித்", "உநொஷித்", "ஸாநொஷித்". ஒரே சொல்லில் உறுப்பும் திசையும் வினையும். "இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டு" என்று ஆசிரியர் கத்த வேண்டியதில்லை.

இதனால் என்ன ஆகும்? கோர்வையைத் தாளில் எழுதலாம். தாளை அச்சிட்டு நாடு முழுவதும் அனுப்பலாம். ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆயிரம் ஊர்க்காரர்கள் ஒரே நாளில் பிராகில் இறங்கி ஒரே கோர்வையைச் செய்யலாம். இசைக்குச் சுரக்குறிப்பு எப்படியோ அப்படி. ஓர் ஊரில் கையைத் தோளுக்கு நான்கு விரல் மேலே தூக்கினால், பெருந்திடலில் அந்த ஊர்க்கூட்டம் மட்டும் கறையாகத் தெரியும்.

#5 ஏட்டுக்கட்டு

பெயர் முறை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதே என் அடுத்த கவலை. ஆயிரம் ஊர், ஒரே அசைவு, பிசகினால் கறை. நூரம்பெர்கில் 1930களில் நாஜிகளின் பேரணிகளில் நடந்ததும் இதே காட்சிதானே?

#6 நாலாம்வரிசை

வெளியிலிருந்து பார்த்தால் ஒத்ததாகத் தெரியும், மறுக்கவில்லை. மூன்று வேறுபாடுகளைப் பாருங்கள். சோகோல் அரசின் கருவியாகப் பிறக்கவில்லை, அரசுக்கு எதிராகப் பிறந்தது. 1915 நவம்பரில் ஆஸ்திரியா கலைத்தது, 1941இல் நாஜிகள் தடைசெய்தார்கள், 1948க்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி விழுங்கியது. மூன்று முறை மூன்று விதமான அரசுகள் அதைச் சகிக்கவில்லை. அடுத்து, நூரம்பெர்கில் கூட்டம் ஒரு மனிதனை நோக்கி நின்றது. இங்கே மேடைமேல் நிற்கிற பயிற்சித் தலைவர் அசைவை முன்னின்று காட்டுகிறவர், அவ்வளவே. மூன்றாவது, நான் பெரிதாக நினைப்பது, இவர்கள் தனித்தனியாகவும் பயின்றவர்கள். வாரம் இருமுறை ஊர்க் கூடத்தில் கம்பியில் தொங்குகிறவன்தான் ஆறாண்டுக்கு ஒருமுறை திடலில் புள்ளியாகிறான்.

பெருந்திரள் காட்சி என்றாலே சந்தேகம் வருவது நம் காலத்தின் பழக்கம். சந்தேகம் இருக்கட்டும், ஆனால் 1882இன் முதல் சோகோல் விழாவை 1934 நூரம்பெர்க் வழியாகப் படிப்பது பின்னோக்கிப் படிப்பது. செக் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோஷலிசத் தொழிலாளர்கள் 1897இல் தனிச் சங்கம் வைத்தார்கள், கத்தோலிக்கர்கள் 1909இல் "ஓரெல்", கழுகு, என்று இன்னொன்று. வல்லூறுக்குப் போட்டி கழுகு. பெயர் வைப்பதிலும் பறவைச் சண்டை!

#7 மரக்குதிரை

இந்த விழாவுக்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்லெட்". பறவைகள் நாலா பக்கமிருந்தும் பறந்து வந்து ஓரிடத்தில் கூடுவது. வேடந்தாங்கலில் மாலை ஐந்தரைக்குப் பார்ப்பது அதுதான், ஒற்றைச் சொல் நம்மிடம் இல்லை.

முதல் ஸ்லெட் 1882 ஜூன் 18, பிராக், ஸ்த்ரெலெட்ஸ்கி தீவு. 720 பேர். திர்ஷ் நேரில் நடத்திய ஒரே ஸ்லெட்டும் அதுதான். இரண்டு ஆண்டில், 1884 ஆகஸ்டில், டிரோல் மலைப்பகுதியில் ஓட்ஸ் என்ற ஊருக்கு அருகே ஆற்றில் மூழ்கி இறந்தார். 1895இலிருந்து லெட்னா மேட்டில். 1926இலிருந்து ஸ்த்ராஹோவ். அந்தத் திடல் ஏறக்குறைய 310 மீட்டர் நீளம், 202 மீட்டர் அகலம், ஆறு ஹெக்டேருக்கு மேல். மரப் பார்வைமேடைகள் படிப்படியாகக் கான்கிரீட் ஆயின. இருநூறாயிரம் பேருக்கு மேல் பார்க்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். "கலை" என்பது இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நீளவாக்கில் 144, அகலவாக்கில் 96 என்று நிறுத்தினால் 13,824 பேர். ஒருவருக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஏறக்குறைய 2.1 மீட்டர். கைகளை விரித்தால் ஓர் ஆணுக்கு 1.8 மீட்டர் வரும். இடையே ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி. இதைவிட நெருக்கினால் கைகள் இடிக்கும், இதைவிட விரித்தால் மேலிருந்து பார்க்கையில் துணி கிழிந்ததுபோல் ஓட்டை தெரியும்.

நிற்கிற இடத்தை எப்படி அறிவது? முன்னால் நிற்பவன் பிடரியைப் பார்த்து நிற்பதுதான் சிறிய திடலில் வழக்கம். பெரிய திடலில் அது கவிழ்க்கும். ஒவ்வொருவரும் ஐந்து சென்டிமீட்டர் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் 96ஆவது ஆள் ஏறக்குறைய 4.8 மீட்டர் தள்ளி நிற்பான், இரண்டு வரிசையைத் தாண்டி. அதனால் தரையிலேயே ஒவ்வொருவருக்கும் குறி. பிடரியைப் பார்க்காதே, குறியைப் பார். அப்போது பிழை ஒருவனோடு நின்றுவிடும், அடுத்தவனுக்குப் போகாது.

#8 கூர்முனை

மரக்குதிரை, இசை? 300 மீட்டர் தூரத்தில் எப்படி ஒரே தாளத்தில்?

#9 மரக்குதிரை

இதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். ஒலி நொடிக்கு 340 மீட்டர். வாத்தியக்குழு ஒரு முனையில் இருந்தால் மறுமுனைக்கு இசை போய்ச்சேர 0.9 நொடி. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள நடை என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடி. ஆக கடைசி வரிசை ஏறக்குறைய இரண்டு தட்டு பின்தங்கும். ஒளி மட்டும் உடனே வந்துவிடுவதால் பார்வையாளருக்கு நெல்வயலில் காற்று ஓடுவதுபோல் அலை தெரியும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் வேண்டியது அதை இல்லை. மறுமுனையில் உட்கார்ந்தவருக்குத் தன் பக்கத்து ஆட்கள் இசையோடு சரியாக இருப்பார்கள், எதிர்ப்பக்கத்து ஆட்கள் முந்திக்கொண்டதுபோல் தெரியும்.

ஒலிபெருக்கிகளைத் திடல் முழுதும் பரப்பினால் தாமதம் குறையும், ஆனால் ஒவ்வொருவர் காதிலும் பக்கத்துப் பெட்டி முதலிலும் தூரத்துப் பெட்டிகள் பின்னாலுமாக வழிந்து கேட்கும். அதனால் வேகமான, பொடிச் சுரம் நிறைந்த இசை உதவாது. அழுத்தம் தெளிவாக விழும் நடை வேண்டும். 1920 ஸ்லெட்டுக்கு யோசெஃப் சுக் எழுதிய "புதிய வாழ்வை நோக்கி" என்ற நடைப்பாடல் அந்த ரகம். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் கலைப்போட்டியில் அதற்கு வெள்ளிப் பதக்கம். இசைப் பிரிவில் அந்த ஆண்டு தங்கம் யாருக்கும் தரவில்லை.

கண்ணுக்கும் இதேபோல் ஒரு வரம்பு உண்டு. ஒரு கையின் தடிமன் எட்டு சென்டிமீட்டர் என்று வையுங்கள். 200 மீட்டரிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய 1.4 கோணக்கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோணக்கலை). நல்ல கண்ணால் பிரித்தறிய முடிவது ஒரு கோணக்கலை. ஆகக் கை மட்டுமட்டாகத் தெரியும், விரல் தெரியவே தெரியாது. கூடத்தில் கம்பிமேல் கால்விரல் நீட்டலுக்கு மதிப்பெண் உண்டு, திடலில் அதற்கு வேலையே இல்லை. இங்கே பேசுவது முதுகு. குனிதல், மண்டியிடல், பக்கச்சாய்வு, தரையில் ஊன்றுதல். பதினாலாயிரம் இருண்ட முதுகு ஒன்றாகக் கவிழ்ந்து வெள்ளை மார்பு ஒன்றாக நிமிர்ந்தால் திடல் நிறம் மாறும். முன்பக்கமும் பின்பக்கமும் வேறு நிறமுள்ள உடை, வெள்ளைக் கைச்சட்டை, எல்லாம் இந்தக் கணக்குக்காகத்தான்.

இன்னொன்று, பார்வைமேடையின் கீழ்வரிசைக்காரர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது. முதல் ஐந்தாறு வரிசை ஆட்கள் மட்டும் தெரியும். நீங்கள் புத்தகங்களில் பார்க்கிற படங்கள் எல்லாம் உச்சியிலிருந்து எடுத்தவை.

#10 கூர்முனை

அருமை. பெண்கள் எப்போது வந்தார்கள்? பழைய படங்களில் கர்லாக்கட்டை மாதிரி ஏதோ சுழற்றுகிறார்களே, அது எங்கிருந்து?

#11 ஏட்டுக்கட்டு

1869லேயே பிராகில் பெண்களுக்கான தனி உடற்பயிற்சிச் சங்கம், திர்ஷின் துணையோடு. அதை நடத்தியவர் க்ளெமென்யா ஹனுஷோவா. ஸ்லெட் திடலில் பெண்கள் இறங்கியது 1901இல். இடையில் 32 ஆண்டு. "சகோதரி" என்று விளித்த இயக்கத்துக்கு இது பெருமை இல்லை.

கட்டை விஷயத்தில் உங்கள் கண் சரிதான். அது கர்லாக்கட்டையின் பேத்தி. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் இங்கே பார்த்துப் பழகிக்கொண்டு போனது, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அங்கே போனபின் எடை குறைந்தது, கழுத்து மெலிந்தது, தோள்வலிமைக்கு இருந்த கருவி கோடு வரைகிற கருவி ஆயிற்று. செக் மொழியில் "குஷெலெ". யான் க்ரிஷெனெட்ஸ்கி 1898இல் எடுத்த ஆரம்பகாலச் செக் திரைத்துண்டுகளில் ஒன்றே பிராகின் மாலாஸ்த்ரானா பகுதிச் சோகோல்காரர்களின் கட்டைப் பயிற்சிதான். படக்கருவிக்கு அசைவு வேண்டும், அதுவும் ஓரிடத்தில் நின்றபடி. கட்டை சுழற்றுகிறவனைவிட வசதியான ஆள் கிடைப்பானா?

#12 பட்டுநூல்

கொடிகள் பற்றி ஒரு சொல். 19ஆம் நூற்றாண்டுச் சங்கக் கொடிகளைப் படத்தில் பார்த்து "எவ்வளவு புதுசாக இருக்கிறது" என்று வியக்கிறவர்கள் கவனிக்க: பெரும்பாலும் அது மறுபடி தைத்த நகலாக இருக்கும். பட்டின்மேல் எண்ணெய்ச் சாயத்தால் வரைந்த கொடி நீண்ட நாள் தாங்காது. காரணம் எளிது. சாயம் காய்ந்து தகடுபோல் விறைக்கும், பட்டு மட்டும் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். கிழிசல் படத்தின் நடுவில் வராது, சாயம் முடிந்து வெறும்பட்டு தொடங்கும் விளிம்பில் வரும். பறவை முழுசாக இருக்கும், அதைச் சுற்றி வெட்டினாற்போல் ஓட்டை.

அடுத்த எதிரி எடையேற்றிய பட்டு. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டைக் கனமாகக் காட்ட வெள்ளீய உப்புகளை ஊட்டினார்கள். அந்தப் பட்டு வெளிச்சத்தில் நூறாண்டு இருந்தால் விரல் பட்டாலே நீளவாக்கில் பிளக்கும். மடித்து வைத்திருந்தால் மடிப்பெல்லாம் வெட்டு. இருக்கிறதைக் காக்க வேண்டுமானால் தொங்கவிடாதீர்கள், மடிக்காதீர்கள். சாயம் பூசியது தட்டையாகக் கிடக்கட்டும். வெறும் துணியானால் அமிலமற்ற குழாயில் சுற்றலாம். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம். கோலில் கட்டிய நாடாக்களைக் கழற்றித் தனியே வையுங்கள், அவற்றின் எடையே மேல்விளிம்பை இழுத்துக் கிழிக்கும்.

மானெஸின் திறமை எனக்குத் தெரிவது எங்கே என்றால், அந்தக் கொடி தூரத்திலிருந்து படிக்க எழுதியது. சிவப்பில் வெள்ளை. இறகு இறகாக வரைந்திருந்தால் பத்தடிக்கு அப்பால் சேறாகியிருக்கும்.

#13 மைத்தடம்

இப்போது முகாவுக்குத் திரும்பலாம். பட்டுநூல் சொன்னதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

முகா பாரிஸிலும் அமெரிக்காவிலும் இருந்துவிட்டு 1910இல் தாயகம் திரும்பியவர். பிறகு 20 பெரிய ஓவியங்களாக "ஸ்லாவ் காவியம்" வரைந்து 1928இல் பிராக் நகருக்குக் கொடுத்தார். 1912 சுவரொட்டி அந்தத் திருப்பத்தின் வாசற்படியில் நிற்கிறது. முன்னே நகரம், பின்னே இனம், நடுவே பறவை. சோகோல் சிவப்பு இங்கே பெண்ணின் ஆடையாகிவிட்டது. மரக்குதிரை சொன்ன கணக்கோடு வைத்துப் பாருங்கள். திடலில் ஆயிரக்கணக்கான உடல்கள் ஓர் உருவமாகின்றன. முகா அந்த வேலையை முன்கூட்டியே முடித்து ஒற்றை உருவத்தைத் தாளில் வைத்துவிட்டார். ஆகவே "பயிற்சியாளர் ஒருவர்கூட இல்லை" என்று நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். எல்லோரும் இருக்கிறார்கள், எண்ண முடியவில்லை.

அசலா நகலா என்று பார்க்கிறவர்களுக்கு. அசல் கல்லச்சு, ஏறக்குறைய 168 × 82 செ.மீ. பத்து மடங்கு உருப்பெருக்கியை வண்ணம் மங்கி மாறுகிற இடத்தில், அதாவது கன்னத்திலோ பின்னணி நிழலிலோ, வையுங்கள். கல்லச்சில் தெரிவது ஒழுங்கற்ற மணல்மணி. மெழுகுக்கோல் கல்லின் சொரசொரப்பில் உரசிய தடம். ஆஃப்செட் மறுபதிப்பில் தெரிவது ஒரே சீரான புள்ளிகள், பூப்பூவாய் வட்டம் கட்டியிருக்கும். கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்பதால் வண்ண விளிம்புகள் மயிரளவு ஏறியோ விலகியோ இருக்கும், அது குறையல்ல, சாட்சி. மடிப்புத் தடம் இருப்பதும் கெட்ட செய்தி அல்ல. இவ்வளவு பெரிய தாளை மடித்துத்தான் பெரும்பாலும் அனுப்பினார்கள். துணி ஒட்டிய பிரதியானால் பின்புறம் தெரியாது, அப்போது மடிப்பின்மேல் சாயம் தொட்டு நிரப்பியிருக்கிறார்களா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு முதலில் போகும். சிவப்பு வெளுத்து நீலம் மட்டும் அடர்த்தியாக இருந்தால் வெயில்பட்ட பிரதி.

#14 நாலாம்வரிசை

பிற ஸ்லாவ் நாடுகளை யாரும் தொடவில்லை, சுருக்கமாக. லியுப்லியானாவில் 1863லேயே "தெற்குச் சோகோல்", ல்விவில் போலந்துக்காரர்கள் 1867, ஸாக்ரெப் 1874. ஸ்லொவேனியக் கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் லியுப்லியானாவின் தாபோர் பகுதியில் இவான் வுர்னிக் 1920களில் கட்டிய சோகோல் கூடத்தைத் தேடிப் பாருங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய லியோன் ஷ்டுகெல் ஸ்லொவேனியச் சோகோல் வளர்ப்பு.

ஏட்டுக்கட்டு கேட்ட நூரம்பெர்க் கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. 1938 ஸ்லெட், செக் எல்லைப்பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் உடன்பாட்டுக்குச் சில மாதம் முன்னால். ஆண்களின் கோர்வைக்குப் பெயர் "குடியரசுக்கு உறுதிமொழி". அதை அமைத்தவர் ஃப்ரான்டிஷெக் பெஹாச்செக். 1941 அக்டோபர் 7–8 இரவில் சோகோல் பொறுப்பாளர்களைக் கூட்டமாகக் கைதுசெய்தார்கள். பிராகை ஆண்ட நாஜித் தலைவர் ஹைட்ரிஹ்மீது தாக்குதல் நடத்திய வான்குடைப் படையினருக்கு உதவிய தலைமறைவு வலையிலும் சோகோல்காரர்கள் இருந்தார்கள். பெஹாச்செக் 1944இல் மவுத்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார்.

அடுத்தது 1948. பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தாயிற்று. ஜூலை ஊர்வலத்தில் சோகோல் அணிகள் பழைய நகரச் சதுக்கத்தின் மேடையைக் கடக்க வேண்டும். மேடையில் புதிய குடியரசுத் தலைவர் கோட்வால்ட். அணி மேடையைக் கடக்கையில் தலையை மேடைப்பக்கம் திருப்ப வேண்டும், மரபு அது. பல அணிகள் திருப்பவில்லை. சில மறுபக்கம் திருப்பின. சில வாய்மூடிக் கடந்தன, சில பதவி விலகிய முந்தைய குடியரசுத் தலைவர் பெனெஷின் பெயரை முழங்கின. தலையை எந்தப் பக்கம் எத்தனை கோணம் திருப்புவது என்று தலைமுறைகளாகப் பழகிய உடல்கள்! எவ்வளவு துல்லியமாகத் திருப்பத் தெரியுமோ அவ்வளவு துல்லியமாகத் திருப்பாமலிருக்கவும் தெரிந்திருக்கிறது.

#15 ஏட்டுக்கட்டு

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நூரம்பெர்க் ஒப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சி நடத்திய உடற்பயிற்சிப் பெருவிழாவான ஸ்பார்டகியாடாவைச் சும்மா விடமாட்டேன். 1955இலிருந்து 1985வரை அதே ஸ்த்ராஹோவ் திடல், அதே குறிகள், அதே கோர்வை எழுத்துமுறை, அமைப்பாளர் மட்டும் அரசு. கருவி யார் கையிலும் வேலை செய்யும் என்பதுதானே அதற்குப் பொருள்?

#16 மரக்குதிரை

ஆமாம், செய்யும். அதில் எனக்கு மறுப்பில்லை. 1990இல் சோகோல் மீண்டது, ஸ்லெட் 1994இலிருந்து திரும்ப நடக்கிறது. 2018, 2024 இரண்டும் பிராகின் எடென் கால்பந்து அரங்கில். திடல் 105 × 68 மீட்டர், ஸ்த்ராஹோவில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். பார்வையாளர் கிட்டத்தில் இருப்பதால் கை தெரிகிறது, முகம்கூடத் தெரிகிறது. ஒலித்தாமதம் நீளவாக்கிலேயே 0.3 நொடிதான். எனவே முதுகை நம்பிய பழைய கோர்வையை அப்படியே எடுத்துப் போட்டால் மொத்தையாக இருக்கும். சிறு திடலுக்குத் தனியாக எழுத வேண்டும். ஸ்த்ராஹோவ் இப்போது கால்பந்துப் பயிற்சித் திடல்களாகப் பிரிந்து கிடக்கிறது.

#17 கூர்முனை

கடைசியாக ஒன்று, மைத்தடம். இணையத்தில் 1912 சுவரொட்டி "அசல் கல்லச்சு, 100 × 49 செ.மீ." என்று விற்பனைக்கு. படத்தில் மணல்மணியும் தெரிகிறது. நம்பலாமா?

#18 மைத்தடம்

168ஐ 82ஆல் வகுத்தால் 2.05. 100ஐ 49ஆல் வகுத்தால் 2.04. ஓரம் வெட்டியதாக இருந்தால் விகிதம் மாறியிருக்கும். விகிதம் மாறாமல் அளவு குறைந்திருப்பதால் இது சுருக்கிய படம். மணல்மணி தெரிவது அசலைப் படம்பிடித்தபோது அதன் மணியும் சேர்ந்து வந்ததால். அந்த மணிக்குள்ளே புள்ளி இருக்கிறதா என்று நெருக்கமான படம் ஒன்று கேளுங்கள், மணியின் விளிம்பு அளவுகோலோடு. அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.